6 மி.மீ. இம்பிளாண்டா, எலும்பு ஏற்றி 10 மி.மீ.யா? கடைவாய்ப் பல் இழந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். கீழ்த் தாடையில் கடைவாய்ப் பல் விழுந்த இடத்துக்கு இரண்டு இடங்களில் எழுதி வாங்கிய சிகிச்சைத் திட்டங்கள். ஒன்றில் 6 மி.மீ. நீள இம்பிளாண்ட், அதாவது பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டேனியத் திருகு. மற்றதில் முதலில் எலும்பு ஏற்றி (எலும்புத் துகள் வைத்து உயரத்தைக் கூட்டி), ஆறு மாதம் பொறுத்து, அதன் பிறகு 10 மி.மீ. இம்பிளாண்ட். இரண்டாவதன் செலவு முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“தம்பி, ஆணி நீளமாக இருந்தால்தானே சுவரில் நிற்கும்? ஆறு மி.மீ. என்றால் ஓர் அரிசி அளவு. அது கடைவாயில் என்னத்தைத் தாங்கும்?” என்று கேட்டார்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் இதே கேள்வியோடு நிற்பவர்கள் பலர். பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்து அனுப்பும் பணம் அது. ஒருமுறை தவறினால் மறுமுறை கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆணிக் கணக்கை முதலில் சரிசெய்துகொள்வோம். ஆணி சுவரைப் பிடித்து நிற்கிறது. இம்பிளாண்டை எலும்பு வந்து பிடிக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரானேமார்க் 1952இல் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல் தவித்தபோதுதான், எலும்பு அந்த உலோகத்தோடு நேராக ஒட்டி வளர்கிறது என்பதைக் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்கு இம்பிளாண்ட் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. ஆக, நீளத்தோடு எலும்பு எவ்வளவு பரப்பில், எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதும் சேர்ந்துதான் பலம். ஆரம்பகாலக் குட்டை இம்பிளாண்டுகளின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது, அவை அதிகம் தோற்றன. 1990களில் சொரசொரப்பான மேற்பரப்பு பரவலான பிறகு நிலைமை மாறியது. குட்டை இம்பிளாண்டுக்கு இன்றும் ஒட்டியிருக்கும் கெட்ட பெயரில் பாதி அந்தப் பழைய காலத்துடையது.

முதலில் அளக்க வேண்டியவை

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். உள்ள எலும்பின் உயரமும் அகலமும். மெல்லும் பாரம் விழும் இடம். பிற்காலத்தில் எலும்பு கரைந்தால் மிஞ்சுவது எவ்வளவு. முரசின் (ஈறின்) தடிப்பும் அதைச் சுத்தம் செய்ய முடிகிறதா என்பதும். ஐந்தாவது, நோயாளியின் உடல்நிலை, பழக்கம், பயணம், பணம்.

உயரக் கணக்கு எளிது. கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்புக் குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு அதற்குள் இருக்கிறது. இம்பிளாண்டின் நுனி அந்தக் குழாய்க்கு 2 மி.மீ. மேலேயே நின்றுவிட வேண்டும். குழாய்க்கு மேல் 12 மி.மீ. எலும்பு இருந்தால் 10 மி.மீ. இம்பிளாண்ட் வைக்கலாம். 10 இருந்தால் 8. 8 இருந்தால் 6. மேல் தாடையில் நரம்புக்குப் பதிலாகக் கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறை. மேல் கடைவாய்ப் பல் போய்ப் பல வருடமானால் அந்த அறை கீழ்நோக்கி விரிந்துகொண்டே வரும், எலும்பு மெலியும்.

அகலத்தைப் பலர் கேட்பதே இல்லை. இம்பிளாண்டின் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் குறைந்தது 1.5 மி.மீ. எலும்பு வேண்டும். 4.8 மி.மீ. விட்டமுள்ள இம்பிளாண்டுக்கு ஏறத்தாழ 8 மி.மீ. அகல எலும்பு. பல் பிடுங்கிய முதல் வருடத்தில் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். இவற்றையெல்லாம் முழு வாய் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. அதில் அகலம் தெரியாது, உயரமும் சற்றுப் பெரிதாகக் காட்டும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்காமல் நீளம் எழுதித் தந்திருந்தால் அந்தத் தாளை ஓரமாக வையுங்கள்.

பாரம் விழும் இடம் கழுத்து

மெல்லும்போது வரும் பாரம் இம்பிளாண்டின் முழு நீளத்துக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி கழுத்தில், மேலே உள்ள முதல் சில புரிகளைச் சுற்றிய எலும்பில்தான் விழுகிறது. தாடையின் வெளியோட்டு எலும்பு உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது. விறைப்பானதுதான் பாரத்தை முதலில் ஏற்கும். கணினி மாதிரிகளில் நீளத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தபோது கழுத்தின் அழுத்தம் கொஞ்சம்தான் குறைந்தது. விட்டத்தைக் கூட்டியபோது அதைவிடத் தெளிவாகக் குறைந்தது.

நீளம் உதவும் இடம் வேறு. மேல் தாடையின் பின்பகுதி எலும்பு மென்மையானது. அங்கே இம்பிளாண்ட் வைத்த நாளில் அது ஆடாமல் நிற்க நீளம் கைகொடுக்கும். எலும்பு ஒட்டி முடிந்த பின் அந்த நன்மை சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் நீளம் வீணா? இல்லை. அது கையிருப்பு. மலைச்சரிவில் நட்ட வேலிக் கம்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் கம்பத்தின் கழுத்தைச் சுற்றிய மண்தான் கழுவிப் போகும். மூன்றடி ஆழம் நட்ட கம்பமும் ஓரடி ஆழம் நட்ட கம்பமும் முதல் மழையில் ஒரே அளவு மண்ணைத்தான் இழக்கும். பத்தாவது மழையில் எது நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

எலும்பும் அப்படியே கழுத்திலிருந்து கீழ்நோக்கிக் கரைகிறது. முதல் வருடத்தில் 1 மி.மீ. அளவு இறங்கலாம். அதன் பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இறங்குவதை 1986இல் வகுத்த அளவுகோல்கள் வெற்றியாகவே ஏற்றன. 12 மி.மீ. இம்பிளாண்டுக்கு 1 மி.மீ. என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. 6 மி.மீ.க்கு ஆறில் ஒன்று.

இன்னொன்றை நான் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதியே கொடுக்கிறேன். 2017இல் சிக்காகோவில் கூடிய நிபுணர்கள், பழைய எக்ஸ்ரே எதுவும் இல்லாத நோயாளிக்கு இம்பிளாண்டைச் சுற்றிய எலும்பு நோயை எப்படி உறுதி செய்வது என்று வகுத்தார்கள். முரசில் இரத்தக் கசிவு, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான பை, 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கம். 3 மி.மீ. என்றால் 6 மி.மீ. இம்பிளாண்டில் பாதி! பல் மாட்டிய நாளில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தால் அரை, ஒரு மில்லிமீற்றர் இறங்கும்போதே பிடித்துவிடலாம். குட்டை இம்பிளாண்ட் வைத்துக்கொள்பவர் அந்த முதல் எக்ஸ்ரேயை வீட்டு உறுதிப்பத்திரம் போலப் பாதுகாக்க வேண்டும்.

முரசுக்கு நீளம் தெரியாது

எலும்புக்குள் இம்பிளாண்ட் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்பது மேலே இருக்கும் முரசுக்குத் தெரியாது. அதன் சுகம் வேறு விஷயங்களில் இருக்கிறது. இயற்கைப் பல்லின் வேரில் முரசின் நார்கள் குத்தி நுழைந்து பிடித்திருக்கும். இம்பிளாண்டில் அவை கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக மட்டுமே நிற்கும். அந்த இடத்தில் அழுக்குப் படலம் சேர்ந்தால் வீக்கம் எலும்புக்குப் போகும் தூரமும் தடையும் குறைவு. முரசு 2 மி.மீ.க்கும் மெலிந்தவர்களுக்கு இம்பிளாண்டின் கழுத்தைச் சுற்றிய எலும்பு (கழுத்தெலும்பு) தொடக்கத்திலேயே கூடுதலாக இறங்குகிறது. இம்பிளாண்டைச் சுற்றி அசையாத தடித்த முரசு 2 மி.மீ. அளவாவது இருந்தால் துலக்கும்போது வலிக்காது. வலிக்காத இடத்தைத்தான் மக்கள் துலக்குவார்கள்.

நீளம் முரசை மறைமுகமாகத் தொடும் வழி ஒன்று உண்டு. எலும்பு உயரம் இழந்த இடத்தில் குட்டை இம்பிளாண்ட் வைத்தால், எதிர்ப்பல்லை எட்டுவதற்கு மேலே மாட்டும் பல் உயரமாக வேண்டும். 6 மி.மீ. வேருக்கு 10, 12 மி.மீ. பல். இந்த விகிதம் 2க்கு 1 வரை போனாலும் அதனால் மட்டும் எலும்பு அதிகம் கரைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் மேல் பல்லை இம்பிளாண்டோடு பிணைக்கும் திருகாணி தளர்வது கூடும். தளர்ந்த இடைவெளியில் கிருமி தங்கும், முரசு வீங்கும். உயரப் பல்லின் அடியில் உணவும் அடையும்.

குட்டை இம்பிளாண்ட் (6 முதல் 7 மி.மீ.)

ஒரே சத்திரசிகிச்சை. மூன்று, நான்கு மாதத்தில் பல். நரம்புக்கும் சைனஸுக்கும் தூரம். என் அனுபவத்தில் கீழ்க் கடைவாயில், அகலமான கெட்டி எலும்பில், முரசு நோய் இல்லாதவருக்கு இதுதான் முதல் தெரிவு.

எண்களையும் மறைக்கக் கூடாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், 1 முதல் 5 ஆண்டுக்குள் 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்தவை சராசரியாக 96 சதவீதம் நிலைத்தன. நீளமானவை 98 சதவீதம். சராசரியில் பெரிய வித்தியாசமில்லை. ஆய்வுக்கு ஆய்வு ஏற்ற இறக்கத்தில்தான் வித்தியாசம்: குட்டையானவை 86.7 வரை இறங்கின, நீளமானவை 95க்குக் கீழே போகவில்லை. குட்டை இம்பிளாண்ட் தவறுகளை மன்னிப்பது குறைவு என்று இதை நான் வாசிக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்தால் இரண்டு பல்லையும் ஒன்றாக இணைப்பதுண்டு. பாரம் பகிரும், நல்லது. ஆனால் நடுவில் நூல் போகாது. இடைப்பல் பிரஷ் வாங்கி வாழ்நாள் முழுதும் பயன்படுத்த வேண்டும். தளர்ந்த திருகாணியை இறுக்க வரும் பயணங்களும் கணக்கில் சேரும். தோற்றால் ஒரு ஆறுதல்: எடுத்த குழி சிறியது, மறுபடி முயற்சிக்க எலும்பு மிஞ்சும்.

நடுவில் இருக்கும் 8 மி.மீ.

இது பேச்சில் வருவதே இல்லை. 6க்கும் 10க்கும் இடையில் சண்டை பிடிக்கும்போது, ஸ்கேனில் 10 மி.மீ. எலும்பு இருந்தால் 8 மி.மீ. இம்பிளாண்டை எந்த ஏற்றமும் இல்லாமல் வைத்துவிடலாம். கேட்டுப் பாருங்கள்.

எலும்பு இயல்பாகவே தாராளமாக இருந்தால் 10 மி.மீ. வையுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எலும்பு ஏற்றி நீள இம்பிளாண்ட்

மேலும் கீழும் ஒன்றல்ல. மேல் தாடையில் சைனஸ் சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத் துகள் நிரப்புவது நன்கு தேறிய முறை. உள்ள எலும்பு 5, 6 மி.மீ. இருந்தால் இம்பிளாண்டுக் குழி வழியாகவே சற்றுத் தூக்கலாம். 4க்குக் குறைந்தால் கன்னப் பக்கம் சாளரம் திறக்க வேண்டும், ஆறு முதல் ஒன்பது மாதம் பொறுக்க வேண்டிவரலாம். 3 மி.மீ. எலும்பில் 6 மி.மீ. இம்பிளாண்டும் நிற்காது. அப்போது எலும்பு ஏற்றுவதுதான் வழி.

கீழ்க் கடைவாயில் மேல்நோக்கி எலும்பு வளர்ப்பது இன்னும் கடினம். தையல் பிரிந்து துகள் வெளிவருவது, உதடு மரத்துப்போவது, ஏற்றிய எலும்பில் ஒரு பகுதி திரும்பக் கரைவது எல்லாம் நடக்கும். மேல் தாடையில் சைனஸ் தூக்கி நீளம் வைத்தவர்களையும் உள்ள எலும்பில் 6 மி.மீ. வைத்தவர்களையும் ஐந்து ஆண்டு ஒப்பிட்ட ஆய்வுகளில் நிலைத்திருக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றே. கழுத்தெலும்பு இழப்பு குட்டையானவற்றில் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருந்தது. சிக்கலும் செலவும் நாட்களும் நீளத்தின் பக்கமே கூடியிருந்தன.

நம் பகுதியில் கேட்காமல் விடப்படும் ஒரு கேள்வி: அந்த எலும்புத் துகள் எங்கிருந்து வருகிறது? உலகில் அதிகம் பயன்படும் துகளில் ஒன்று மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியது. மேலே மூடும் சவ்வுகளில் பல பன்றியின் தோல் போன்றவற்றிலிருந்து வருபவை. அடைத்த பிறகு தெரிந்து மனம் நொந்து அழுத ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். இந்துவோ முஸ்லிமோ, உங்களுக்கு இது முக்கியமென்றால் முன்பே கேளுங்கள். செயற்கைத் துகளும் உங்கள் தாடையிலிருந்தே எடுக்கும் எலும்பும் மாற்றாக உண்டு.

சைனஸ் தூக்கிய பிறகு சுமார் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். குனிந்து பாரம் தூக்கக் கூடாது. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கு இது இரண்டு வாரப் பேர் (நாட்கூலி) போகும் கணக்கு. அதை எந்தக் கட்டணத் தாளிலும் எழுதுவதில்லை. மழை, மூட்டக் காலத்தில் தடிமன் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் வெயில் மாதம்வரை தள்ளிப்போடுவது நல்லது. நாட்பட்ட சைனஸ் தொல்லை இருந்தால் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | 6 மி.மீ., உள்ள எலும்பில் | எலும்பு ஏற்றி 10 மி.மீ. |
|---|---|---|
| சத்திரசிகிச்சை | பெரும்பாலும் ஒன்று | ஒன்று அல்லது இரண்டு |
| பல் கிடைக்கும் காலம் | 3–4 மாதம் | 9–12 மாதம் வரை |
| கழுத்தெலும்பு இழப்பு | சமம் அல்லது சற்றுக் குறைவு | சமம் அல்லது சற்று அதிகம் |
| 3 மி.மீ. கரைந்தால் மிஞ்சுவது | 3 மி.மீ. | 7 மி.மீ. |
| முரசுக்குச் சவால் | உயரப் பல், அடியில் அடையும் உணவு | பலமுறை வெட்டித் தைத்த வடு |
| பின்னாள் தொல்லை | திருகாணி தளர்வு | ஏற்றிய எலும்பு சுருங்குதல் |

எதுவும் வேண்டாம் என்பவருக்கு

இருபக்கப் பற்களுக்கும் ஏற்கனவே உறை தேவைப்பட்டால் பிரிட்ஜ் (அவற்றைப் பிடித்து நிற்கும் பாலப் பல்) நியாயமானது. நல்ல பற்களை அதற்காகச் சீவ நான் ஒப்ப மாட்டேன். பின்னால் பல் இல்லாத கடைசி இடத்துக்குப் பிரிட்ஜ் பொருந்தாது. கழற்றி மாட்டும் செட் பல் மலிவு. பணம் சேரும்வரை அதைப் போட்டுக்கொண்டிருப்பதில் குறைவொன்றும் இல்லை.

வெற்றிலை, புகை, சீனி

பாக்கு போடுபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை. பாக்கின் காரணமாகக் கன்னச் சதை நாராக இறுகி வாய் திறப்புச் சுருங்கும் நோய் தோட்டங்களில் நிறைய. அது புற்றுநோய்க்கு முந்திய நிலையாகவும் இருக்கலாம். வாய் எரிச்சலோ இறுக்கமோ இருந்தால் இம்பிளாண்ட் பேச்சை நிறுத்திவிட்டுப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு. நோய் இல்லாவிட்டாலும் இறுகிய வாயில் பின்னால் நீள டிரில் நிமிர்ந்து நுழையாது. அங்கே குட்டை இம்பிளாண்டுக்கே இடமிருக்கும். இன்னொன்று, வெற்றிலைச் சிவப்பில் முரசின் இரத்தக் கசிவு தெரியாமல் போகும். இம்பிளாண்டுக்கு இயற்கைப் பல்லின் மெத்தை நாரும் இல்லை. கொட்டைப்பாக்கைக் கடித்தால் அதிர்ச்சி நேராக எலும்புக்குப் போகும்.

புகைப்பவருக்கும், முரசு நோயால் பல் இழந்தவருக்கும் எலும்பு கரையும் வேகம் அதிகம். கையிருப்பு தேவைப்படுபவர்கள் இவர்கள்தான் என்பதால் நீளம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஏற்றும் எலும்பு அதிகம் தோற்பதும் புகைப்பவரிடமே. அவர்களிடம் முதலில் புகையை விடச் சொல்கிறேன். விடாதவருக்கு எந்த நீளத்தையும் நான் சிபாரிசு செய்வதில்லை.

தெரிவு எதுவானாலும் இம்பிளாண்டின் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துத் திருகாணி மாற்ற அது வேண்டும். ஒட்டும் வகைப் பல்லைவிடத் திருகி மாட்டும் பல் நல்லது, ஏனென்றால் முரசுக்கு அடியில் மிஞ்சும் சிமெந்துத் துணுக்கே பலருக்கு எலும்பைத் தின்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வரும் செலவையும் முதல் நாளே எழுதித் தரச் சொல்லுங்கள். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் போய்வரும் பஸ் காசும் அந்தக் கணக்கில் வரட்டும்.

ஆசிரியையின் ஸ்கேனில் நரம்புக்கு மேல் 8.5 மி.மீ. உயரம், 8 மி.மீ. அகலம். முரசு தடிப்பாக இருந்தது. வெற்றிலை இல்லை. 4.8 மி.மீ. விட்டத்தில் 6 மி.மீ. நீளம் போதும் என்றேன். ஆனால் சீனி வியாதிக்கான மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை (HbA1c) 9 சதவீதத்துக்கு மேல் காட்டியது. எந்த நீளமானாலும் இப்போது வேண்டாம் என்று சொல்லி, குடும்ப வைத்தியருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். “பல்லுக்கு வந்தால் சோற்றைக் குறைக்கச் சொல்கிறீர்கள்” என்று சொன்னாலும், தாள்கள் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏப்ரலில் புதிய பரிசோதனையோடு வருவதாகச் சொல்லிப் போனார். எண் 8க்குக் கீழே வந்திருந்தால் அன்றே திகதி குறிப்போம்.